ஊட்டியின் வசந்தமும் ஒரகடத்தின் புல்தரையும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில், ஒரகடம் கூட்டுச்சாலையைத் தாண்டியதும் இருபுறமும் தொழிற்சாலைகள் தொடங்கிவிடுகின்றன. கார், சுமையுந்து, மோட்டார் சைக்கிள், அவற்றுக்கான உதிரிபாகங்கள் என்று நாட்டின் வாகனத் தொழிலில் பெரும்பங்கு இங்கே நடக்கிறது. அந்த வளாகங்களின் மதிற்சுவருக்கும் சாலைக்கும் இடையில் ஒரு காட்சி மாறாமல் இருக்கும். விளிம்பு வெட்டிய புல்தரை, உருண்டையாகவும் கூம்பாகவும் கத்தரித்த செடிகள், நிறவாரியாகப் பிரித்து நட்ட பூப்பாத்தி. சித்திரை, வைகாசியில் சுற்றியுள்ள ஏரிகளின் தரை வெடித்துக் கிடக்கும்போதும் இந்தப் புல்தரை மட்டும் பச்சையாக இருக்கும். அதற்குரிய நீர் டேங்கர் லாரியில் வருகிறது.

கடந்த மே மாத நண்பகல் ஒன்றில், அப்படியொரு வளாகத்தின் வெளியே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு புல்லுக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்த பெண்மணியிடம் பேச்சுக் கொடுத்தேன். ஐம்பது வயதிருக்கும், ஒப்பந்தப் பணி. நெல் நட்டுக் களை பறித்து வளர்ந்த கைகள் என்பது அவர் குழாயைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது. இந்த வேளையில் நீர் விட்டால் பாதி ஆவியாகிவிடுமே என்று கேட்டேன். அது தனக்கும் தெரியும் என்றார். மறுநாள் வெளிநாட்டிலிருந்து யாரோ பார்வையிட வருகிறார்களாம்; அதற்குள் புல் நிமிர வேண்டுமாம். நாற்றுக்கும் நடவுக்கும் நாள் பார்த்தே பழகிய ஒருவருக்கு இப்போது பருவம் என்பது பார்வையாளர் வருகைதான்.

வீடு திரும்பிய பிறகும் அந்தப் பேச்சு நெஞ்சைவிட்டு அகலவில்லை. ஆங்கில நாட்டு மாளிகைத் தோட்டம் என்னும் எண்ணம் தமிழ் மண்ணில் எப்போது, யார் கையால் ஊன்றப்பட்டது என்று தேடினால், ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன் உதகமண்டலத்துக்கு வந்த ஒரு தோட்டக்காரரிடம் போய்ச் சேரலாம். வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் என்பது அவர் பெயர். உதகை தாவரவியல் பூங்காவை வடித்தவர் என்று சுற்றுலாக் கையேடுகள் ஒரு வரியில் அவரைச் சொல்லிவிட்டுக் கடந்துவிடும். ஒரு வரிக்குள் அடங்கும் வாழ்க்கை அல்ல அது.

மெக்ஐவர் ஸ்காட்லாந்துக்காரர், 1820-களின் நடுப்பகுதியில் பிறந்தவர். லண்டனை ஒட்டிய கியூ அரச தாவரவியல் தோட்டத்தில் பயின்றார். 1841-இல் வில்லியம் ஹூக்கர் இயக்குநரான பிறகு அரச குடும்பத்தின் உல்லாசத் தோட்டமாக இருந்த கியூ, உலகெங்கிலுமிருந்து செடிகள் வந்து சேர்ந்து, வேறெங்கோ அனுப்பப்படும் ஏகாதிபத்தியக் கிடங்காக மாறிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே பயின்ற இளைஞர்களுக்கு மண்வெட்டியும் நுண்ணோக்கியும் ஒருசேரப் பழகின. மெக்ஐவர் பிரிட்டனின் ஈரப்பாறைகளில் படரும் ஈரற்செடிகளைச் சேகரித்து, உலர்த்தி, பெயரிட்டு 1847-இல் தொகுப்பாக வெளியிட்டார். கண்ணுக்கு எளிதில் புலப்படாத அந்தச் சிறுபாசி இனங்களின் மேல் அவருக்கிருந்த ஈடுபாடு பின்னாளில் நீலகிரியில் எதிர்பாராத இடத்தில் கைகொடுத்தது என்று நான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு வருவோம்.

ஆங்கிலப் பெருந்தோட்டம் ஒன்றின் ஆண்டு எப்படி நகர்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். அக்டோபரில் இலைகள் உதிரும். அவற்றை வாரிக் குவித்து மக்கவிடுவார்கள். இரண்டாண்டு கழித்து அதுவே நாற்றுக்கு உரம். நிலம் உறைவதற்குள் டியூலிப், டாஃபடில் கிழங்குகளைப் புதைப்பார்கள். குளிர் பட்டால்தான் அவை பூக்கும். குளிர்காலத்தில் பாத்தியை இரண்டு மண்வெட்டி ஆழத்துக்குக் கொத்திப் புரட்டிவிடுவார்கள்; உறைபனி கட்டிகளை உடைத்துப் பொடியாக்கும், புழுவைக் கொல்லும். குளிர் முடியும் தறுவாயில் ரோஜாவுக்குக் கவாத்து. பிப்ரவரி, மார்ச்சில் கண்ணாடிக் கூடத்துக்குள் விதைப்பு. மே இறுதியில், இனி உறைபனி இல்லை என்று உறுதியான பிறகே நாற்றுகள் வெளியே வரும். அதன்பின் புல் வெட்டுதல், வாடிய பூவைக் கிள்ளுதல், கொம்பு நட்டுக் கட்டுதல், ஆகஸ்டில் உயிர்வேலியைக் கத்தரித்தல். புல் வெட்டும் இயந்திரத்துக்கு 1830-இல்தான் காப்புரிமை பெறப்பட்டது. அதற்கு முன்பெல்லாம் விடியற்பனியில் வரிசையாக நின்று அரிவாள் வீசும் ஆட்கள்தான். ஒரு மாளிகைத் தோட்டத்துக்குப் பத்துப் பதினைந்து தோட்டக்காரர்கள் இருப்பது அக்காலத்தில் வியப்பில்லை.

இந்த நாட்காட்டியில் பாதி வேலையைக் குளிர்காலமே கூலியின்றிச் செய்துகொடுக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மண்ணைப் பொடியாக்குவதும், கிழங்கை விழிக்கச் செய்வதும், களையை ஒடுக்குவதும் பனியின் வேலை. அந்தக் குளிர்காலத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வர முடியாது. மெக்ஐவர் எதிர்கொண்ட சிக்கல் இதுதான்.

அவர் உதகைக்கு வந்தது 1848-இல். கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் அங்கே கல்வீடு கட்டிக் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. ஐரோப்பியக் குடியிருப்புவாசிகள் 1845 வாக்கில் மலிவாகக் காய்கறி பெறுவதற்காகச் சந்தா திரட்டி ஒரு தோட்டம் போட்டிருந்தார்கள். அது சரியாக நடக்கவில்லை. அன்றைய சென்னை ஆளுநர் ட்வீடேல் பிரபு இதில் அக்கறை காட்டவே, கியூவில் பயின்ற ஒருவரை வரவழைப்பதென்று முடிவாயிற்று. வந்தவரிடம் ஒப்படைக்கப்பட்ட நிலம் தொட்டபெட்டாவின் அடிச்சரிவில் இருந்தது. மேற்பகுதி செங்குத்தான காடு. கீழ்ப்பகுதி காலை வைத்தால் உள்ளிழுக்கும் சதுப்பு. கடல்மட்டத்திலிருந்து 2,250 மீட்டருக்கு மேல்.

மெக்ஐவர் எடுத்த எடுப்பில் பூச்செடி நடவில்லை. ஏறத்தாழ பத்தாண்டுகள் அவருடைய முதன்மையான வேலை தண்ணீரோடுதான். சதுப்பை வடிய வைக்க வாய்க்கால், சரிவைத் தாங்க மேடை மேடையாகத் தளம், ஓடும் நீரைத் தேக்கிக் குளம். இன்று சுற்றுலாப் பயணிகள் உருண்டு விளையாடும் அந்தப் பசும்புல்வெளி ஒரு வடிகால் பொறியியலின் மேற்போர்வை என்பது பலருக்குத் தெரியாது. காய்கறிக்காகத் தொடங்கிய இடத்தில், கையிலிருந்த சிறு தொகையைக் கொண்டு அவர் உலக மரங்களின் காட்சியகம் ஒன்றைக் கட்ட முனைந்தார். ஒரு தோட்டக்காரர் தம் காலத்துக்குப் பின் வரும் நிழலுக்காக உழைப்பது புதிதல்ல. ஆனால் முதலாளிகளின் சமையலறைத் தேவையை மீறி அப்படி உழைக்கப் பிடிவாதம் வேண்டும். அது அவரிடம் தாராளமாக இருந்தது.

அந்த நிலம் ஆளில்லாத நிலம் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். அச்சரிவுகள் தோடர்களின் எருமைகள் மேய்ந்த இடங்கள். பூங்காவின் மேற்புறத்தில் இன்றும் ஒரு தோடர் மந்து இருக்கிறது; பார்வையாளர்கள் அதைப் பூங்காவின் ஓர் அங்கம் என்று எண்ணிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் மந்துதான் மூத்தது. பூங்கா அதன் வாசலில் வந்து நின்றது.

இனி நாட்காட்டி. கியூ இருப்பது வட அகலக்கோடு 51-இல், உதகை 11-இல். இங்கிலாந்தில் கோடைப்பகல் பதினாறு மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது, குளிர்காலப் பகல் எட்டு மணி நேரமாகச் சுருங்குகிறது. உதகையில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய ஒரே அளவு. இங்கிலாந்தில் மழை ஆண்டு முழுவதும் தூறும். இங்கே ஜூனில் தென்மேற்குப் பருவமழை கொட்டத் தொடங்கும், அது ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். உறைபனி உண்டு, ஆனால் அது டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிந்த இரவுகளில் மட்டும் இறங்கி, காலை வெயிலில் கரைந்துவிடும். மண்ணைப் பொடியாக்கும் அளவுக்கு வலுவில்லை. இளந்தளிரைக் கருக்கும் அளவுக்கு மட்டும் வலு. அதாவது ஆங்கிலக் குளிர்காலத்தின் உதவி எதுவும் இல்லை, உபத்திரவம் மட்டும் உண்டு.

இதற்கு ஈடுகொடுத்து உருவான பருவமுறைதான் உதகைப் பூங்காவில் இன்றும் நடக்கிறது. நவம்பரில் மழை ஓய்ந்ததும் உறைபனிக்கு எதிரான காப்பு தொடங்கும். மலையில் வளரும் மிலார் செடிகளை வெட்டிவந்து அலங்காரச் செடிகளின் மேல் குடைபோலப் பரப்பி மூடுவார்கள். புல்வெளியில் விழுந்த பனியை வெயில் ஏறுமுன் நீர் தெளித்துக் கரைப்பார்கள். இல்லையேல் புல் கருகும். ஜனவரியில் ரோஜாக்களுக்குக் கவாத்து. அதே குளிரில் நாற்றங்காலில் சால்வியா, பெட்டூனியா, டேலியா, மேரிகோல்டு என விதைகள் விழும். ஆயிரக்கணக்கான தொட்டிகளில் மண் நிரப்பி, நாற்று மாற்றி நட்டு, மே மாதத்தில் எல்லாம் ஒருசேர மலருமாறு நாளைக் கணக்கிடுவார்கள். மலர்க்காட்சி முடிந்ததும் பாத்தியைக் கொத்திவிட்டு, தென்மேற்கு மழையின் நடுவிலேயே செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் பருவத்துக்கான நடவு. பூங்காவின் மலர்க்காட்சி 2025 மே மாதத்தில் 127-ஆவது முறையாக நடந்தேறியது.

மே மாதம் ஏன்? இங்கிலாந்தில் மே மாதம் வசந்தம் என்பதால் அல்ல. சென்னையில் மே மாதம் அக்கினி நட்சத்திரம் என்பதால். சமவெளியின் வெயிலுக்கு அஞ்சி அதிகாரிகளும் அவர்தம் குடும்பங்களும் மலையேறி வந்த காலத்தில் பூக்கள் தயாராக இருக்க வேண்டியிருந்தது. ஆளுநரின் அரசாங்கமே கோடைதோறும் உதகைக்கு இடம்பெயரும் வழக்கம் பின்னர் நிலைபெற்றது. ஆக, உதகையின் வசந்தத்தை நிர்ணயித்தது உதகையின் தட்பவெப்பம் மட்டுமல்ல. நம்முடைய செங்கல்பட்டு, காஞ்சிபுரத்து வெயிலும்தான். வேறொரு நாட்டின் தோட்டத்தை இந்நாட்டின் இரு பருவமழைகளுக்கும் ஒரு கோடைக்கும் ஏற்பத் திருப்பிப் போட்டது மெக்ஐவரும் அவர் வழிவந்த தோட்டக்காரர்களும் செய்த பெரிய காரியம். செடிகளை இறக்குமதி செய்தார்கள். நாட்காட்டியை இங்கேயே செய்தார்கள்.

இவ்வளவோடு நின்றிருந்தால் அவர் ஒரு நல்ல பூங்காக் கண்காணிப்பாளர் என்ற அளவில் நினைக்கப்பட்டிருப்பார். 1860-இல் அவர் வாழ்வில் வேறொரு மரம் நுழைந்தது.

காய்ச்சல் அன்று இந்தியாவின் பெருங்கொலையாளி. மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணி 1880 வரை கண்டறியப்படவில்லை. கொசுதான் அதைப் பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் காட்டியது 1897-இல். காரணம் தெரியாது, ஆனால் மருந்து தெரியும். தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் வளரும் சின்கோனா மரப்பட்டையிலிருந்து 1820-இல் பிரெஞ்சு வேதியியலர்கள் கொய்னாவைப் பிரித்தெடுத்திருந்தனர். பட்டைக்காக மரங்களைக் கண்மூடித்தனமாக வெட்டிச் சாய்த்ததால் விலை ஏறிக்கொண்டே போயிற்று. கிளமென்ட்ஸ் மார்க்கம் என்னும் அதிகாரியின் தலைமையில் விதையும் கன்றும் கொண்டுவர ஒரு பயணம் ஏற்பாடாயிற்று. பெருவிலிருந்து மார்க்கம் கொண்டுவந்த கன்றுகள் கடல் வெப்பத்தில் பெரும்பாலும் மடிந்தன. ஈக்வடாரில் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் சேகரித்த செம்பட்டைச் சின்கோனாவின் விதைகளும், கியூ தோட்டக்காரர் ராபர்ட் கிராஸ் கண்ணாடிப் பெட்டிகளில் காத்துக் கொண்டுவந்த கன்றுகளும் 1861-இல் நீலகிரியை அடைந்து பிழைத்தன. அந்நாடுகள் தம் மரம் வெளியேறுவதை விரும்பவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. இன்றைய சட்டமொழியில் இதற்கு உயிர்வளத் திருட்டு என்று பெயர்.

வந்து சேர்ந்த விதைகளும் கன்றுகளும் மெக்ஐவர் கையில் ஒப்படைக்கப்பட்டன. முன்னனுபவம் உள்ளவர்கள் உலகில் மிகச் சிலரே. அந்த மரத்தை அதன் தாயகத்திலேயே யாரும் பயிராக வளர்த்ததில்லை. காட்டில் தேடி வெட்டினார்கள், அவ்வளவே. மெக்ஐவர் கண்ணாடிக் கூடத்தில் அடிச்சூடு கொடுத்து முளைக்க வைத்தார். முளைத்தவற்றிலிருந்து பதியம் போட்டார். தண்டுத் துண்டுகளிலிருந்து கன்று எடுத்தார். தொட்டபெட்டாவிலும், மேற்கே கூடலூர் இறக்கத்துக்கு மேலுள்ள நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. 1863-இல் சின்கோனாப் பெருக்கம் குறித்துச் சென்னையில் ஒரு நூல் வெளியிட்டார். அப்பத்தாண்டு முடிவதற்குள் கன்றுகள் லட்சக்கணக்கில் பெருகின.

பட்டை எடுக்க மரத்தை வெட்டுவதே அதுவரை வழக்கம். மெக்ஐவர் மரத்தைக் கொல்லாமல் பட்டை எடுக்கும் வழியைக் கண்டார். தண்டின் மேல் நீளவாக்கில் பட்டைப் பட்டையாகக் கீறி, ஒன்றைவிட்டு ஒன்றாக உரித்தெடுத்து, காயத்தின் மேல் ஈரப்பாசியைப் பொதிந்து கட்டிவிடுவது. பாசியின் ஈரமும் இருளும் பட்டையை மீண்டும் வளரச் செய்தன. அப்படி வளர்ந்த புதுப்பட்டையில் மருந்துச்சத்து முன்னிலும் கூடுதலாக இருந்தது. இளமையில் பாசியினங்களை உலர்த்தித் தாளில் ஒட்டிக்கொண்டிருந்தவருக்கு இந்த யோசனை தோன்றியதில் எனக்கு வியப்பில்லை. மிலார் போர்த்திப் பனியிலிருந்து செடியைக் காக்கும் தோட்டக்காரனின் அறிவும், பாசி போர்த்திப் பட்டையை மீட்கும் அறிவும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

ஆனால் அந்த மலைச்சரிவுகளில் குழி தோண்டியது யார்? நடுவட்டத்தில் கைதிகள் தோண்டினார்கள். மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து தண்டனை பெற்றுச் சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனர்களும் அவர்களுள் இருந்தனர். அவர்களை அடைத்து வைத்த சிறைக் கட்டடம் நடுவட்டத்தில் இன்றும் நிற்கிறது. விடுதலை பெற்ற சிலர் நாடு திரும்பவில்லை. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே தங்கி, தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறி பயிரிட்டும் மாடு வளர்த்தும் வாழ்ந்தார்கள். மானிடவியலர் எட்கர் தர்ஸ்டன் அந்தச் சிறு சமூகத்தைக் கண்டு 1909-இல் வெளிவந்த தம் தொகுதியில் பதிவு செய்திருக்கிறார். அவர் பதிந்த விதமோ மூக்கின் நீளத்தையும் மண்டையின் அகலத்தையும் அளக்கும் விதம். மெக்ஐவரின் நூலில் கன்றுகளுக்குக் கணக்கு இருக்கிறது. கன்று நட்ட கைகளின் பெயர்களை அக்காலத்து நூல்கள் எழுதி வைக்கும் வழக்கமில்லை.

மெக்ஐவரோடு இணங்கிப் பணியாற்றுவது எளிதாக இருந்திருக்காது. சின்கோனாத் தோட்டத்துக்கென்று அரசு நியமித்த வேதியியலர் ஜான் பிராட்டனுக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடுகள் முற்றின. ஒருவர் மரத்தைப் பார்த்தார். மற்றவர் சோதனைக் குடுவையைப் பார்த்தார். யார் சொன்னதை அரசு கேட்பது என்ற போட்டியும் இருந்திருக்கும். பிராட்டன் 1874-இல் பணியை விட்டு நீங்கினார். தோட்டக்காரருக்கும் நிபுணருக்கும் இடையிலான இந்தப் பூசலில் என் அனுதாபம் இயல்பாகத் தோட்டக்காரர் பக்கமே சாய்கிறது. ஆனால் செம்பட்டையில் கொய்னாவின் விகிதம் குறைவு, ஏனைய காரப்பொருள்களே மிகுதி என்ற வேதியியல் உண்மை கடைசியில் வென்றது என்பதை மறுப்பதற்கில்லை. டச்சுக்காரர்கள் ஜாவாவில் வளர்த்த லெட்ஜர் வகைச் சின்கோனாவில் கொய்னா பன்மடங்கு செறிந்திருந்தது. நூற்றாண்டின் இறுதிக்குள் உலகச் சந்தை ஜாவா வசமாயிற்று. பாசி பொதியும் முறையும் பின்னாளில் வழக்கொழிந்து, மேற்பட்டையைச் சீவியெடுக்கும் முறைக்கு இடம் கொடுத்தது.

இருந்தாலும் நீலகிரிப் பட்டை வீணாகவில்லை. செம்பட்டையிலுள்ள ஏனைய காரப்பொருள்களும் காய்ச்சலைத் தணிக்கும் என்று சென்னை மாகாண மருத்துவர்கள் 1860-களிலேயே சோதித்துக் காட்டியிருந்தார்கள். விலையுயர்ந்த தூய கொய்னா துரைமார்களுக்கு என்றால், மலிவான பட்டைச்சத்து ஏழைகளுக்கு என்றாயிற்று. பின்னாளில் அரசு அஞ்சலகங்களிலேயே கொய்னாவைச் சிறு பொட்டலங்களில் விற்கத் தொடங்கியபோது, கைக்காசுக்கு மருந்து கிடைக்கும் நிலை வந்தது. இந்த மருந்து படைகளையும் ஆட்சியையும் காக்கத்தான் முதலில் தேடப்பட்டது. அது கிராமத்துக் கிழவியின் காய்ச்சலையும் தணித்தது என்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்கும் பழக்கம் நமக்கு வேண்டியதில்லை.

1876 ஜூன் 8 அன்று, தென்மேற்கு மழை எதிர்பார்க்கப்பட்ட நாட்களில், மெக்ஐவர் மறைந்தார். ஐம்பதைத் தாண்டிச் சில ஆண்டுகள்தான். உதகை புனித ஸ்டீபன் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவ்வாண்டு பருவமழைகள் பொய்த்தன. தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் கதை கதையாகச் சொன்ன கொடுமை தொடங்கியது. இன்றைய ஒரகடத்தை உள்ளடக்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தையும் அது விட்டுவைக்கவில்லை. பட்டினியோடு காய்ச்சலும் சேர்ந்து மக்களை வாரிக்கொண்டு போனது. மலை மேல் மருந்துமரங்கள் நின்றிருந்தன. கீழே தேவைப்பட்டது முதலில் சோறு.

அவர் காலத்துச் செயல்களில் இன்று கசப்பாக நிற்பது மரங்களின் கதை. விறகுக்காகச் சோலைகள் அழிந்தபோது, விரைந்து வளரும் ஆஸ்திரேலிய மரங்களை நடுவது நல்லறிவாகத் தோன்றியது. தைல மரமும் சீகை மரமும் அவர் வருமுன்னரே நீலகிரிக்கு வந்துவிட்டன. ஆயினும் அந்நிய மரங்களைப் பழக்கிப் பரப்பிய அலையில் அவருடைய பூங்காவுக்கும் பங்குண்டு. புல்வெளிகளை விழுங்கிய அம்மரங்களை அகற்றச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட வேண்டிய நிலை நம் காலத்தில் வந்தது. புல்வெளி மழையை உறிஞ்சி வைத்திருந்து கோடையில் சிறுகச் சிறுக ஓடைக்கு விடுகிறது என்பதை, சதுப்பை வடித்தெடுத்துப் பூங்கா கண்ட தலைமுறை அறியவில்லை. அல்லது அறிந்தும் பொருட்படுத்தவில்லை.

அவருடைய பூங்காவைப் பராமரிப்போரின் நிலையும் சொல்லத்தக்கது. மிலார் சுமந்து, விடியற்பனியில் நீர் தெளித்து, மலர்க்காட்சிக்குத் தொட்டி அடுக்கும் தொழிலாளர்கள் பணி நிரந்தரமும் முறையான ஊதியமும் கேட்டுப் போராடிய செய்திகளை நாம் அண்மைக்காலம்வரை படித்து வருகிறோம். மே மாதம் லட்சக்கணக்கானோர் வந்து பார்க்கும் பூவுக்கு ஜனவரியில் குனிந்தவர்கள் அவர்கள்.

இனி ஒரகடம். பெருந்தொழில் வளாகங்கள் தம் நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைப் பசுமைப் பரப்பாக வைத்திருக்க வேண்டும் என்பது சுற்றுச்சூழல் அனுமதியில் வழக்கமாக இடம்பெறும் நிபந்தனை. நல்ல நிபந்தனை. அதை நிறைவேற்ற நாம் தேர்ந்தெடுத்ததுதான் சிக்கல். மெக்ஐவரிடமிருந்து புல்தரையை எடுத்துக்கொண்டோம், நாட்காட்டியை விட்டுவிட்டோம். இங்கே உறைபனி இல்லை, ஆனால் அதைவிடக் கடுமையான ஒன்று உண்டு: ஜனவரி முதல் மே வரை மழையே இல்லாத ஐந்து மாதம். பிறகு ஆடியில் சில வெப்பச்சலன மழைகள், ஐப்பசி கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டும் வடகிழக்கு மழை. இந்த மண்ணின் ஏரிகள் அந்தக் கணக்கில்தான் வெட்டப்பட்டன. மெக்சிகன் புல் என்று நாம் பாய்பாயாக விரிக்கும் தரைக்கு அந்தக் கணக்கு தெரியாது.

இதே ஸ்ரீபெரும்புதூர், வண்டலூர் வட்டாரத்துப் புதர்க்காடுகளுக்கு அது நன்றாகத் தெரியும். ஏரிகள் வற்றும் காலத்தில் சொட்டு நீரும் விடாமல் கொன்றை பொன்னாகத் தொங்குகிறது. காயா கொம்பெல்லாம் நீலமாகப் பூக்கிறது. களாவுக்கும் வெப்பாலைக்கும் புங்கத்துக்கும் தனித்தனி மாதங்கள் உண்டு. ஆண்டின் எந்த மாதத்திலும் ஏதாவது ஒன்று பூத்திருக்குமாறு அடுக்கலாம். அதற்கு நாற்றங்காலும் பொறுமையும், பருவம் அறிந்த ஆளும் வேண்டும். வேலையும் குறையாது. புரட்டாசிக்குள் குழி, முதல் மழையோடு நடவு, தை முடிவதற்குள் வேரில் சருகுப் போர்வை, கோடை முழுவதும் தொடாதிருத்தல், ஆடியில் கவாத்து. மூன்றில் ஒரு பங்கு நிலம் முழுவதையும் இப்படி மாற்ற வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. அனுமதி வழங்கும் அலுவலர்கள் பசுமைப் பரப்பின் அளவை அளக்கும்போது, அது சித்திரையில் எத்தனை லாரி நீர் குடிக்கிறது என்பதையும் ஒரு கட்டத்தில் நிரப்பச் சொல்லலாம். அந்த ஒரு கேள்விக்கே பல புல்தரைகள் பதில் சொல்லத் திணறும்.

புல்லுக்கு நீர் விட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண்மணியைக் கார்த்திகை மாதத்தில் மீண்டும் பார்த்தேன். நல்ல மழை பெய்து ஓய்ந்த காலை. புல்தரையில் நீர் தேங்கியிருந்தது, வடிகால் இல்லை. மண்வெட்டியால் ஓரத்தில் ஒரு சிறு வாய்க்கால் இழுத்து, நீரைச் சாலையோரத் தாழ்வுக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். இதை யார் செய்யச் சொன்னார்கள் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லையாம், வயலில் என்றால் இந்நேரம் மடை திறந்திருப்போமே என்று சொல்லிவிட்டு அடுத்த வெட்டுக்குக் குனிந்தார்.